லண்டன் எல்எஸ்இ: புது டெர்ம் எப்படி போகுது, குடுக்கிற காசுக்கு தகுமா?

எல்எஸ்இ, அதாவது லண்டன் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ் பத்தி யாரு கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணுதான், தானா உக்காந்து படிக்கிற ஆளுக்கு இது சொர்க்கம், யாராவது பாடம் நடத்துவாங்க நோட்ஸ் குடுப்பாங்கன்னு நம்பி வந்தீங்கன்னா முதல் மாசமே கடுப்பாயிடுவீங்க. பேரை பாத்துட்டு நம்ம ஊர்ல இன்னும் பாதிப்பேர் வெறும் எக்கனாமிக்ஸ் காலேஜ்னு நெனச்சிட்டு இருக்காங்க, அப்படி இல்ல, முழுப்பேர்ல பொலிட்டிக்கல் சயின்ஸும் சேர்ந்தே வரும், சோசியாலஜி, ஆந்த்ரோபாலஜி, சோசியல் பாலிசி, சட்டம், இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ்னு மொத்த யூனிவர்சிட்டியும் சமூக அறிவியல சுத்திதான் ஓடுது. நான் மாஸ்டர்ஸ் பண்றேன், ஆட்டம் (இலையுதிர்கால) டெர்ம் முடிச்சு இப்ப வின்டர் டெர்ம், பாத்த வரைக்கும் எழுதுறேன்.

முதல்ல ஒரு சின்ன விஷயம். மைக்கேல்மஸ், லெண்ட், சம்மர்னு இருந்த டெர்ம் பேரையெல்லாம் 2023-24லேர்ந்து ஆட்டம், வின்டர், ஸ்ப்ரிங்னு மாத்திட்டாங்க. பழைய ரீடிங் லிஸ்ட்ல எம்டி, எல்டினு இருந்தா குழம்பாதீங்க, மைக்கேல்மஸ் டெர்ம், லெண்ட் டெர்ம்தான் அது. ஆட்டம் செப்டம்பர் கடைசில ஆரம்பிச்சு டிசம்பர் நடுவுல முடியும், நடுவுல ஆறாவது வாரம் ரீடிங் வீக், பேருக்கு லீவு, நெசத்துல விட்டுப்போன ரீடிங்க பிடிக்க ஓடுற வாரம்.

கிளாஸ் விஷயத்துக்கு வர்றேன், இங்கதான் நம்மாளுங்க ஏமாறுறாங்க. ஒரு கோர்ஸுக்கு வாரம் ஒரு லெக்சர், ஒரு செமினார் (சின்ன குழுவா உக்காந்து விவாதிக்கிறது), அவ்ளோதான். எல்லாத்தையும் கூட்டினாலும் வாரத்துல பெரும்பாலான நேரம் கையில சும்மா இருக்கிற மாதிரி தெரியும், ஆனா ஒவ்வொரு செமினாருக்கும் நாலஞ்சு பேப்பர் படிச்சுட்டு வரணும், படிக்காம போய் உக்காந்தா பக்கத்துல இருக்கிற பிரேசில் பொண்ணும் நைஜீரியா பையனும் அவங்கவங்க நாட்டு உதாரணத்தோட சண்டை போடுவாங்க, நாம தலையாட்டிக்கிட்டு இருக்கணும். அந்த சண்டைதான் இங்க நெஜமான பாடம்னு என் அபிப்பிராயம். லெக்சர் சிலது சுமார்தான், ஸ்லைட வாசிச்சுட்டு போற ஆளுங்க உலகம் பூரா இருக்காங்க.

லைப்ரரிக்கு மட்டும் தனியா அஞ்சு ஸ்டார். 1896ல ஆரம்பிச்சது, இப்ப இருக்கிற கட்டடம் ஒரு காலத்துல டபிள்யூ.எச். ஸ்மித் கம்பெனி குடோன், அத நார்மன் ஃபாஸ்டர் கம்பெனி மாத்தி அமைச்சு 2001ல முடிச்சாங்க, நடுவுல மேல கண்ணாடி டோம், கீழேர்ந்து சுத்தி சுத்தி ஏறுற பாதை, அதுல ஏறும்போது நம்ம ஊர் கோட்டைப் படிக்கட்டு மாதிரி மூச்சு வாங்கும், லிஃப்டும் இருக்கு. சமூக ஆய்வாளர் சார்லஸ் பூத் லண்டன் வறுமைய தெருத்தெருவா அளந்து கலர் அடிச்ச மேப்பும், 19ம் நூற்றாண்டு கடைசில அவரோட ஆளுங்க போலீஸ்காரங்க கூட நடந்து எழுதின நோட்டுப்புத்தகமும் இங்கதான் இருக்கு. கருப்பு கலர்னா ரொம்ப அடிமட்டம், மஞ்சள்னா பணக்காரத் தெரு. அத ஆன்லைன்லயே ஃப்ரீயா பாக்கலாம், ஒருதரம் திறந்தா ராத்திரி போயிடும், நான் இப்ப குடியிருக்கிற தெரு அன்னைக்கு என்ன கலர்ல இருந்துச்சுன்னு தேடி பாத்துட்டுதான் தூங்கினேன். விமன்ஸ் லைப்ரரியும் 2013லேர்ந்து இதுக்குள்ளதான், பெண்கள் ஓட்டுரிமைக்கு போராடின காலத்து பேப்பரெல்லாம் அங்க இருக்கு. ஒரே குறை, பரீட்சை நேரத்துல சீட்டு கிடைக்காது, துண்டு போடுற பழக்கம் நமக்கு மட்டும் சொந்தம் இல்லன்னு இங்க வந்துதான் தெரிஞ்சுது.

இந்த கல்வி வருஷத்துல புதுசுன்னா விலங்குகளோட உணர்வு பத்தி ஆராயிற ஜெரமி காலர் சென்டர், 2025 செப்டம்பர் 30ல தொடங்கினாங்க. அதோட டைரக்டர் தத்துவப் பேராசிரியர் ஜோனதன் பர்ச், அவரு டீம் 2021ல குடுத்த ரிப்போர்ட்ட வச்சுதான் பிரிட்டன் 2022 விலங்கு நலச் சட்டத்துல நண்டு, இறால், ஆக்டோபஸ் எல்லாத்தையும் வலி உணர்ற ஜீவன்னு சேத்தாங்க. சமூக அறிவியல் படிக்கிற இடத்துல நண்டுக்கு என்ன வேலைன்னு முதல்ல சிரிச்சேன், ஆனா ஒரு ஆராய்ச்சி நேரா சட்டத்துக்குள்ள போய் நிக்கிறத பாக்கும்போது இந்த ஊரு எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் புரியுது. (நண்டு ரசத்த நான் இன்னும் விடல, அது வேற.)

அம்பேத்கர் படிச்ச இடம்ங்கிறது எல்லாருக்கும் தெரியும். 1916ல வந்து, ஸ்காலர்ஷிப் முடிஞ்சதால பாதில திரும்பிப் போய், திரும்ப 1920ல வந்து 1923ல டிஎஸ்சி டாக்டர் பட்டம் வாங்கினாரு, ஆராய்ச்சி ரூபாய் பிரச்சினை பத்தி. ஓல்ட் பில்டிங்ல அவரு சிலை இருக்கு, நம்ம பசங்க யாரு வந்தாலும் முதல் ஃபோட்டோ அங்கதான்.

சாப்பாடு. வார நாள் மதியம் ஹரே கிருஷ்ணா ஆளுங்க காலேஜ் வாசல்ல ஃப்ரீயா சைவ சாப்பாடு போடுறாங்க, க்யூ நீளமா இருக்கும், உப்பு ஒறப்பு கம்மி, ஊறுகாய் பாட்டில் பையில வச்சிருந்தா நீங்கதான் ராஜா. தோசைக்கு பக்கத்து ஸ்ட்ராண்ட் ரோட்ல இந்தியா கிளப் இருந்துச்சு, இங்கயே படிச்ச கிருஷ்ண மேனனோட இந்தியா லீக் (பிரிட்டன்ல இந்திய சுதந்திரத்துக்கு குரல் குடுத்த அமைப்பு) ஆளுங்க ஆரம்பிச்சது, 2023 செப்டம்பர்ல மூடிட்டாங்க. நான் வர்றதுக்கு முன்னாடியே போச்சு, சீனியர்ஸ் இன்னும் துக்கம் கொண்டாடுறாங்க.

இப்ப காசு. வெளிநாட்டு ஸ்டூடண்டுக்கு மாஸ்டர்ஸ் ஃபீஸ் கோர்ஸ பொறுத்து மாறும், நம்ம ரூபாயில 30 லட்சம் தாண்டிடும்னு வச்சுக்கோங்க, அதுக்கு மேல வாடகை, வருஷத்துக்கு 776 பவுண்ட் ஹெல்த் சர்சார்ஜ் (விசாவோட கட்டுற மருத்துவக் கட்டணம்). படிப்பு முடிஞ்சு வேலை தேடுற விசா இப்ப ரெண்டு வருஷம், 2027 ஜனவரி 1லேர்ந்து அப்ளை பண்றவங்களுக்கு 18 மாசம்தான், பிஎச்டி தவிர. ஒரு வருஷ மாஸ்டர்ஸுக்கு லோன் போட்டு வந்து இங்கயே வேலை வாங்கி அடைச்சிடலாம்னு கணக்கு போடுறவங்க இத நல்லா யோசிங்க. ஏஜென்ட் பேச்ச கேட்டு சொத்த அடமானம் வைக்காதீங்க ப்ளீஸ். பிரிட்டன் அரசோட செவனிங் ஸ்காலர்ஷிப் கிடைச்சா வாங்க, ஆதிதிராவிடர் பழங்குடி மாணவர்கள் தமிழ்நாடு அரசோட அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைய கண்டிப்பா பாருங்க.

நான் ஸ்காலர்ஷிப்ல வந்ததால நாலரை ஸ்டார் குடுக்கிறேன், சொந்தக் காசுன்னா மூணு கூட யோசிச்சுதான் குடுப்பேன். அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க, இவங்க பப்ளிக் லெக்சர் நெறைய பாட்காஸ்ட்டா ஃப்ரீயா கிடைக்குது, உங்க சப்ஜெக்ட்ல ரெண்ட எடுத்து முழுசா கேளுங்க, பாதில ஃபோன நோண்ட ஆரம்பிச்சிட்டீங்கன்னா அப்ளிகேஷன் ஃபீஸாவது மிச்சம்.