செங்கோட்டையில் மருந்து கலந்து கொடுக்கும் ஒரு கடை

'கம்பவுண்டர்' என்றால் டாக்டரின் கூடவே இருந்து ஊசி போடுபவர் என்றுதான் நாம் இப்போது நினைக்கிறோம். மருந்தைக் கலப்பவர் என்பதே அந்தச் சொல்லின் பொருள். வீட்டிலிருந்து சீசா கொண்டுபோய் மிக்சர் வாங்கி, வேளைக்கு ஒரு படியாக வெட்டிய காகிதப் பட்டையை அதில் ஒட்டிக்கொண்டு திரும்பிய நினைவு ஐம்பதைக் கடந்தவர்களுக்கு இருக்கும். அந்த வேலையை இன்றும் முறையாகச் செய்யும் மருந்துக்கடை ஒன்று செங்கோட்டையில் இருக்கிறது. கூட்டம் சேர்ந்தால் தராசில் கவனம் நிற்காது, பெயரை எழுத வேண்டாம் என்று அதன் மருந்தாளுநர் கேட்டுக்கொண்டதால் கடைப் பெயரைத் தவிர்க்கிறேன். மருந்து கலக்கும் கடை என்று பேருந்து நிலையத்தில் விசாரித்தால் கைகாட்டுவார்கள்.

என் தங்கையின் ஐந்து மாதக் குழந்தைக்கு இதயக் கோளாறுக்காகத் திருவனந்தபுரத்தில் சிகிச்சை நடக்கிறது. ஸ்பைரனோலாக்டோன் 5 மில்லிகிராம் காலையும் மாலையும் கொடுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைத்ததோ 25 மில்லிகிராம் மாத்திரை மட்டுமே. முதலில் போன வேறொரு கடையில், மாத்திரையைப் பொடித்து ஐந்து பொட்டலமாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காகிதத்தில் பொடியைக் கொட்டி பிளேடால் ஐந்து குவியலாக ஒதுக்கிப் பார்த்தோம். எந்த இரண்டு குவியலும் ஒன்றுபோல் இல்லை. ஆறு கிலோகூட நிறையாத குழந்தைக்கு அதைக் கொடுக்கத் தங்கைக்கு மனம் வரவில்லை.

செங்கோட்டைக் கடையில் சீட்டை வாங்கியவுடன் மாத்திரையைத் தேடாமல், குழந்தையின் எடையைத்தான் முதலில் கேட்டார்கள். எடையை வைத்து அளவைச் சரிபார்த்த பிறகு, மருந்தாளுநர் டாக்டரைத் தொலைபேசியில் அழைத்து, 1 மில்லியில் 5 மில்லிகிராம் இருக்கும்படி செய்யப்போவதாக மலையாளத்தில் சொல்லி ஒப்புதல் வாங்கினார். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் இது. பாதிப் பேச்சு மலையாளத்தில் நடப்பது இங்கே யாருக்கும் புதிதல்ல. பிறகு கணக்கைக் காகிதத்தில் எழுதி எங்களிடமும் காட்டினார்: 30 மில்லி மருந்துக்கு 150 மில்லிகிராம், அதாவது ஆறு மாத்திரைகள்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவர் செய்வதை நின்று பார்க்கலாம். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, ஆறு மாத்திரைகளையும் பீங்கான் கல்வத்தில் இட்டு, மாவுபோல் ஆகும்வரை அரைத்தார். அதன்மேல் நேரே நீர்மத்தை ஊற்றவில்லை. சில சொட்டு கிளிசரின் விட்டு, பொடி முழுவதும் நனைந்து வழவழப்பான பசையாகும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தார். உலர்ந்த பொடியில் ஒரேயடியாக நீரை ஊற்றினால் அது கட்டிகட்டியாக மிதக்கும், ஒரு வேளை மருந்தில் அதிகமும் மறு வேளையில் குறைவுமாகப் போகும் என்பது அவர் தந்த விளக்கம். சீக்கிரம் படிந்துவிடாதபடி மீதைல்செல்லுலோஸ் கரைத்து, சர்க்கரைப்பாகும் சேர்த்த நீர்மத்தைப் பிறகு சிறிது சிறிதாக விட்டுக் கலக்கி, அளவு உருளையில் ஊற்றினார். கல்வத்தில் ஒட்டியிருந்ததையும் அதே நீர்மத்தால் இரண்டு முறை அலசி அதில் சேர்த்து, கடைசியில் குனிந்து கண்ணை அளவுக் கோட்டுக்கு நேராக வைத்துக்கொண்டு 30 மில்லிக்கு நிறைவு செய்தார்.

ஒரு மாதத்துக்கு வேண்டும் என்று தங்கை கேட்டதற்கு அவர் இணங்கவில்லை. பச்சிளம் குழந்தை என்பதால் கெடாமல் காக்கும் பொருள் எதையும் சேர்க்கவில்லை. நீர் கலந்த இத்தகைய மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் 14 நாளுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றார். சீசாவில் குழந்தையின் பெயர், பதிவேட்டு எண், கொட்டிவிட வேண்டிய தேதி, 'நன்றாகக் குலுக்கிவிட்டுக் கொடுக்கவும்' என்ற குறிப்பு எல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் இருந்தன. தங்கையின் மாமியார் வீடு புனலூர் என்பதை எங்கள் பேச்சிலிருந்தே கவனித்திருக்கிறார். கரண்டி வேண்டாம் என்று சொல்லி ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றையும் தந்தார்.

அப்பாவின் குதிகால் தடிப்புக்குக் களிம்பு வாங்கியது சாரல் காலத்தில். ஆரியங்காவுக் கணவாயிலிருந்து காற்று வீசும் அந்த மாதங்களில் கடைக்குள் மின்விசிறி ஓடாது. தராசின் கண்ணாடிக் கூண்டை மூடி, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருப்பார்கள். 6 சதவீதக் களிம்பு 50 கிராம் என்றால் சாலிசிலிக் அமிலம் 3 கிராம், வெள்ளைப் பாரபின் 47 கிராம். அமிலத்தைச் சிறிதளவு பாரபினோடு கண்ணாடிப் பலகையில் குழைத்து, அதே அளவு பாரபினைச் சேர்த்து மறுபடியும் குழைத்து, இப்படி இரட்டிப்பாக்கிக்கொண்டே போனார்கள். இரும்பு பட்டால் நிறம் மாறும் என்பதால் பிளாஸ்டிக் கத்திதான். முன்பு வேறிடத்தில் வாங்கிய களிம்பு நறநறவென்றிருந்தது. இதில் விரலுக்கு ஒரு துகள்கூடத் தட்டுப்படவில்லை.

பெயர்ப்பலகை பற்றி ஒரு செய்தி. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, மருந்தாளுநர் இருந்தும் கலக்கும் ஏற்பாடு இல்லாத கடை 'கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரக்கிஸ்ட்ஸ்' என்றுதான் பலகை வைக்க வேண்டும். 'பார்மசி' என்பது சீட்டின்பேரில் கலந்து கொடுக்க வசதியுள்ள கடைக்கே உரியது. நம் தெருக்களில் எத்தனை பார்மசிகளில் ஒரு கல்வமாவது இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

குறைகளும் உண்டு. சீட்டுக் கொடுத்து மருந்து வாங்க ஒரு மணி நேரமாகிறது, உட்கார இருப்பதோ ஒரே பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. மருந்துக்கு எவ்வளவு, கலக்கும் கூலி எவ்வளவு என்று பில்லில் பிரித்துக் காட்டுவதில்லை. கேட்டால் சொல்கிறார்கள், ஆனால் கேட்க வேண்டியிருக்கிறது. சர்க்கரைப்பாகு இருந்தும் கசப்பு அடங்கவில்லை என்பதைக் குழந்தையின் முகமே சொல்கிறது. அம்மாவின் பான்டோபிரசோல் மாத்திரையைப் பொடித்துத் தரக் கேட்டபோது, வயிற்று அமிலத்திலிருந்து காக்கும் மேற்பூச்சு அதில் இருக்கிறது, பொடித்தால் பயன்படாது என்று மறுத்தார்கள். முன்னால் நின்றவர் கண்சொட்டு மருந்து கேட்டதற்கும், கிருமியற்ற அறை எங்களிடம் இல்லை என்றே பதில் வந்தது. இதை நான் குறையாக எழுதவில்லை.

குழந்தையின் மருந்துக்கு இரண்டாவது முறை போனபோது மருந்தாளுநர் பழைய சீசாவைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு நாளைக்கு 2 மில்லி வீதம் 14 நாளில் 28 போக, 2 மில்லி மிஞ்ச வேண்டும். ஏறக்குறைய 5 இருந்தது.

"மூணு வேளை விட்டுப்போச்சாம்மா?" என்றார்.

"புனலூர் போயிருந்தப்ப சீசாவ இங்கயே மறந்து வச்சிட்டேன், அண்ணாச்சி" என்றாள் தங்கை.

அவர் கோபப்படவில்லை. பதிவேட்டில் அதையும் ஒரு வரி எழுதி, டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டு, கல்வத்தைத் துடைத்து எடுத்து வைத்தார்.