வெளிநாட்டிலிருந்து பார்ட்ஸ் வாங்க: டிஜிகீயும் எல்சிஎஸ்சியும்

நாங்கள் கோவையில் போர்வெல் மோட்டாருக்கான கன்ட்ரோல் போர்டு செய்கிறோம், சின்ன அளவில்தான். தண்ணீர் வற்றினாலோ ஒரு ஃபேஸ் போனாலோ மோட்டாரை நிறுத்த வேண்டியது அந்த போர்டின் வேலை. அதில் ஒரு டூப்ளிகேட் பார்ட் உட்கார்ந்துவிட்டால் போர்டு மட்டும் போகாது, சில நூறு அடி ஆழத்தில் இருக்கும் மோட்டாரும் சேர்ந்து எரியும், அதை மேலே எடுக்க விவசாயி வண்டியும் ஆளும் தேட வேண்டும். அதனால் பார்ட்ஸ் எங்கே வாங்குகிறோம் என்பதை நான் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. சில வருடங்களாக டிஜிகீ, எல்சிஎஸ்சி என்ற இரண்டு வெளிநாட்டு ஆன்லைன் எலக்ட்ரானிக் பார்ட்ஸ் கடைகளிலும் தொடர்ந்து வாங்குகிறோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லைன் மின்சாரம் நேரடியாகத் தொடும் எதையும், பவர் ஐசியையும் டிஜிகீ மாதிரி அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம்தான் வாங்க வேண்டும், மற்றதற்கு எல்சிஎஸ்சி தாராளமாகப் போதும்.

டூப்ளிகேட் என்றால் வேலையே செய்யாது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். உண்மையில் ஆபத்தானவை வேலை செய்யும் டூப்ளிகேட்தான். எல்எம்2596 என்ற பவர் சப்ளை ஐசியை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் விவரத்தாளான டேட்டாஷீட்படி அது 150 கிலோஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு ஒன்றரை லட்சம் முறை, ஸ்விட்ச் ஆக வேண்டும். ஒரு ஆன்லைன் விற்பனையாளரிடம் வாங்கிய மலிவு மாட்யூலை ஆசிலோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது சுமார் 50 கிலோஹெர்ட்ஸில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மேலே அச்சு, லோகோ எல்லாம் கச்சிதம், மல்டிமீட்டரில் 5 வோல்ட் சரியாகக் காட்டும். ஆனால் 150க்குக் கணக்குப் போட்டு வைத்த இண்டக்டருக்கு அந்த வேகம் போதாது, ரிப்பிள், அதாவது வோல்டேஜில் வரும் ஏற்ற இறக்கம், கூடும், கெபாசிட்டர் சூடாகும், கோடைக்காலத்தில் தகர டப்பாவுக்குள் இருக்கும் போர்டு எத்தனை மாதம் தாங்கும் சொல்லுங்கள். ப்ளூபில் என்ற மலிவு மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளிலும் இதே கதைதான், எஸ்டிஎம்32 என்று அச்சடித்திருக்கும், டீபக்கரில் இணைத்தால் 0x1ba01477 என்று வர வேண்டிய அடையாள எண் 0x2ba01477 என்று வரும், வேறு கம்பெனியின் நகல் சிப். 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ நிறுவனத்தின் புதிய டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து எஃப்டி232 என்ற யுஎஸ்பி இணைப்புச் சிப்பின் டூப்ளிகேட்களில் யுஎஸ்பி அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கியது, கம்ப்யூட்டர் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. தங்கள் கையில் இருப்பது போலி என்று பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

சரி, டிஜிகீக்கு வருவோம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லைக்குப் பக்கத்தில், ஒன்பதாயிரம் பேர்கூட இல்லாத தீஃப் ரிவர் ஃபால்ஸ் என்ற ஊரில் இருக்கிறது தலைமையகம். 1972இல் ரொனால்ட் ஸ்டோர்டால் தொடங்கியது, அமெச்சூர் ரேடியோக்காரர்கள் மோர்ஸ் அனுப்ப அவர் விற்ற ஒரு டிஜிட்டல் கீயர் கிட்டிலிருந்துதான் பெயரே வந்தது. அவர்கள் ஸ்டாக்கில் வைத்திருக்கும் சரக்கு தயாரிப்பாளரிடமிருந்து நேராக வருகிறது, நடுவில் யாரும் கிடையாது. நான் காசு கொடுப்பது முக்கியமாக இதற்குத்தான்.

அப்புறம் அந்தத் தேடல். 35 வோல்ட், 105 டிகிரி, 5000 மணி நேரம், உயரம் இத்தனை மில்லிமீட்டருக்குள் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தால் ஆயிரக்கணக்கான கெபாசிட்டரில் பொருந்துகிற நான்கைந்து மட்டும் நிற்கும். வேறு இடத்தில் வாங்குகிறவர்கள்கூட பார்ட் தேட இங்கேதான் வருகிறார்கள். அந்த பார்ட் இன்னும் தயாரிப்பில் இருக்கிறதா, புது டிசைனுக்கு வேண்டாம் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டாரா என்பதும் அங்கேயே தெரியும், ஐந்து வருடம் ஒரே போர்டை விற்க நினைப்பவர்களுக்கு இது விலையைவிட முக்கியம். ஒன்றே ஒன்று வேண்டுமென்றாலும் பெரும்பாலான பார்ட்ஸைக் கட் டேப்பில், அதாவது ரீல் நாடாவிலிருந்து, வெட்டித் தருகிறார்கள். ஆர்டர் போடும்போது ஒவ்வொரு வரிக்கும் நம்முடைய குறிப்பு ஒன்றை எழுதலாம், போர்டில் அந்த பார்ட் உட்காரும் இடத்தை ஆர்7, சி12 என்று எழுதினால் அதுவே பையின் லேபிளில் அச்சாகி வரும். பார்சல் பிரித்ததும் சோல்டர் செய்ய உட்கார்ந்துவிடலாம், எங்கள் பையன்களுக்கு இது பெரிய உதவி. ஈரம் பட்டால் கெட்டுவிடும் ஐசிகள் சீல் வைத்த பையில் ஈரப்பதம் காட்டும் அட்டையோடு வரும்.

ஒரு எச்சரிக்கை. மார்க்கெட்பிளேஸ் என்று குறித்திருப்பவை வேறு விற்பனையாளர்கள் அனுப்புவது, தனிப் பார்சல், தனி ஷிப்பிங் கட்டணம். தேடும்போதே ஃபில்டரில் அவற்றை நீக்கிவிடுங்கள்.

செலவுதான் பலரைப் பயமுறுத்துகிறது, அதில் பாதி சரியாகத் தெரியாததால் வரும் பயம். ஐசி, ரெசிஸ்டர், கெபாசிட்டர், டிரான்சிஸ்டர் மாதிரி பெரும்பாலானவற்றுக்கு இந்தியாவில் அடிப்படைச் சுங்க வரி கிடையாது, 18 சதவீத ஐஜிஎஸ்டி மட்டும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அதையும் கழித்துக்கொள்ளலாம். கனெக்டர், ரிலே வகையறாவுக்கு வரி உண்டு. கவனிக்க வேண்டியது எந்தச் சுங்கத் தலைப்பில் கூரியர்காரர் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிப் படிவம், போடுகிறார் என்பதை. ஒருமுறை ஒரு கூரியர் எங்கள் சாதாரண ஐசி பார்சலை 9804, அதாவது தனிநபர் உபயோகப் பொருள் என்று போட்டுவிட, வரி எக்கச்சக்கமாக ஏறியது. அதைத் திருத்த அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். கம்பெனி பெயரில் வாங்கினால் ஐஇசி என்ற இறக்குமதி-ஏற்றுமதி எண்ணையும் ஜிஎஸ்டி எண்ணையும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், கேஒய்சியும் பார்சல் கிளம்பும் முன்பே முடிந்திருக்கட்டும். பணம் கட்டும் முன் டிடிபி என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வரி அந்த விலைக்குள் அடக்கம், இல்லாவிட்டால் வாசலில் கூரியர் ஆள் கேட்பார், கூடவே அவர்கள் கையாளும் கட்டணமும் வரும்.

எல்சிஎஸ்சி சீனாவின் ஷென்ஜென் நகரில் இருப்பது, பிசிபி, அதாவது பார்ட்ஸ் பொருத்தும் வெற்றுப் போர்டு, செய்து தரும் ஜேஎல்சிபிசிபியின் சகோதர நிறுவனம். இங்கே ஒவ்வொரு பார்ட்டுக்கும் சி என்ற எழுத்தில் தொடங்கும் எண் உண்டு, அதே எண்ணைப் போர்டு ஆர்டரில் கொடுத்தால் அவர்களே சோல்டர் செய்தும் அனுப்புவார்கள். ரெசிஸ்டரும் சின்ன செராமிக் கெபாசிட்டரும் இங்கே கிடைக்கும் விலைக்கு அமெரிக்காவிலிருந்து வாங்குவது வீண். சீன சிப்புகளுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது: யுஎஸ்பிக்கு சிஎச்340, பத்து அமெரிக்க சென்ட் சிப் என்று பேசப்பட்ட சிஎச்32வி003, இரண்டும் டபிள்யூசிஎச் தயாரிப்பு, இரண்டையும் நம்பிப் போடலாம். குறைகளும் உண்டு. சில பார்ட்ஸுக்கு டேட்டாஷீட் சீன மொழியில் மட்டும்தான் இருக்கும், ஒன்று போதும் என்றாலும் ஐந்தோ பத்தோ ஐம்பதோ எடுத்தாக வேண்டும், ஸ்டாக் திடீரென்று தீரும்.

டெக்சாஸின் மவுசர் ஏறக்குறைய டிஜிகீ மாதிரியேதான், எது ஸ்டாக்கில் இருக்கிறதோ அங்கே வாங்கலாம். எலிமென்ட்14 ரூபாயில் பில் போடுவதால் கணக்குப் பிள்ளைக்குச் சுலபம். வயர், பாக்ஸ், ஹீட்சிங்க் என்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டை விட்டு நான் எங்கும் போக மாட்டேன்.

இப்போது எங்கள் போர்டில் எக்ஸ்2 கெபாசிட்டர், வேரிஸ்டர், ஆப்டோகப்ளர், ரிலே, பவர் ஐசி இவையெல்லாம் டிஜிகீ அல்லது மவுசர், மீதி எல்சிஎஸ்சி. காலேஜ் ப்ராஜெக்ட் செய்கிற பிள்ளைகள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுங்கள், இலவச ஷிப்பிங்குக்கான தொகையை எட்டிவிடலாம், லேபிளில் அவரவர் பெயரை எழுதச் சொன்னால் பிரிப்பதும் எளிது.