கடலூர் – சென்னை: பஸ், ரயில், கார்... இடுப்புக்கு எது தேவலாம்?

மாதத்தில் இரண்டு மூன்று தடவை கடலூரிலிருந்து சென்னை போய்வருகிற வேலை எனக்கு. போன வருடம் ஒரு நாள், நாலு மணி நேரம் பஸ்ஸில் அசையாமல் உட்கார்ந்து வந்துவிட்டு, இறங்கும் அவசரத்தில் மேலே வைத்திருந்த பையை ஒரே இழுப்பாக இழுத்தேன். இடுப்பில் சுளீரென்று பிடித்தது. அப்புறம் மூன்று வாரம் மஞ்சக்குப்பத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் நடையாய் நடந்தேன். அதிலிருந்து எதில் போகிறோம், எப்படி உட்காருகிறோம் என்பதைக் கவனித்துக்கொண்டே வருகிறேன்.

முதலில் பஸ். வசதியில் இதை அடிக்க ஆளில்லை; எந்த நேரம் போனாலும் வண்டி இருக்கும், புதுச்சேரி வழியாக ஈசிஆரில் ஏறினால் நேராகச் சென்னைதான். ஆனால் சாதாரண பஸ்ஸில் சீட்டின் முதுகு நிமிர்ந்து நிற்கும், இடுப்புக் குழியில் ஒன்றும் தாங்காது, தலைக்கும் பிடிப்பு கிடையாது. அரை மணி நேரத்தில் நம்மை அறியாமலே சரிந்து, முதுகு வில்லாக வளைந்துவிடுகிறது. நிற்கும்போது இருப்பதைவிட இப்படிக் கூன் போட்டு உட்காரும்போதுதான் முதுகெலும்பின் ஜவ்வுகள் மேல் அழுத்தம் கூடுதல், அதோடு வேகத்தடைகளின் குலுக்கலும் சேர்ந்துகொள்ளும். பஸ்ஸில்தான் போயாக வேண்டும் என்றால் இடம் பார்த்து உட்காருங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற கடைசி வரிசைகள் ஆளையே தூக்கிப் போடும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள சீட்டுகளில் ஆட்டம் நன்றாகவே குறைவு. புஷ்பேக் சீட் கிடைத்தால் கொஞ்சம் சாய்த்தால் போதும், முழுக்கச் சாய்த்தால் இடுப்பு முன்னால் வழுக்கிப் பழையபடி வளைந்துவிடும்.

பஸ்ஸில் பலரும் யோசிக்காத இன்னொரு விஷயம் தண்ணீர். வழியில் கழிவறைக்கு என்ன செய்வது என்ற பயத்தில், முக்கியமாகப் பெண்கள், காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் ஏறுகிறார்கள். நா வறண்டு, எழுந்திருக்கக் காரணமும் இல்லாமல், சீட்டோடு சீட்டாக இறுகிப்போய்த்தான் வந்து சேருகிறார்கள்.

ரயில் ஜெயிப்பது இங்கேதான். திருப்பாதிரிப்புலியூரில் ஏறினால் நினைத்தபோது எழுந்து நடக்கலாம், கழிவறை இருக்கிறது, தண்ணீர் பயமின்றிக் குடிக்கலாம். சொல்லப்போனால் சோழன் மாதிரி பகல் ரயிலில் இரண்டாம் வகுப்பு இருக்கை பஸ் சீட்டைவிடப் பெரிதாக ஒன்றும் உயர்வில்லை, அதுவும் நிமிர்ந்த பலகைதான். ஆனாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து பெட்டியின் அந்தக் கோடிவரை ஒரு நடை போய்வந்தால் அந்தக் குறை தெரிவதே இல்லை. நல்ல சீட்டில் நாலு மணி நேரம் சிலையாக உட்காருவதைவிட, சுமாரான சீட்டில் அடிக்கடி எழுந்திருப்பது முதுகுக்கு நல்லது என்று என் உடம்பே எனக்குக் காட்டிவிட்டது. நேரம்தான் நமக்குத் தோதாக அமையாது. நாம் போக வேண்டிய நேரத்துக்கு ரயில் இல்லாத நாள்தான் அதிகம்.

கார் இரண்டுக்கும் நடுவில். பக்கத்தில் உட்கார்ந்து வருபவருக்கு சுகம், ஓட்டுகிறவருக்கு அப்படியில்லை. சீட்டை ரொம்பப் பின்னால் தள்ளி, கையை நீட்டி ஸ்டீரிங்கை எட்டிப்பிடித்து ஓட்டுகிறவர்களுக்குத்தான் தோள்பட்டையும் கழுத்தும் முதலில் போகும். முதுகு சீட்டில் ஒட்டியிருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டீரிங்கின் மேல்விளிம்பில் படுகிற தூரம் சரியான தூரம். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். காரில் இருக்கிற பெரிய லாபம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்பது. மரக்காணம் உப்பளம் பக்கம் ஐந்து நிமிடம் ஓரங்கட்டி, இடுப்பில் இரண்டு கையையும் வைத்துப் பின்பக்கமாக நாலைந்து முறை வளைந்துவிட்டு ஏறுங்கள், மீதி தூரம் வேறு மாதிரி இருக்கும். நிறுத்தாமல் ஒரே மூச்சில் போவதாக இருந்தால் காரை நான் பஸ்ஸுக்குக் கீழேதான் வைப்பேன்.

இனி சாமான்கள். கழுத்துத் தலையணையா, துண்டா? கழுத்து வலிக்கிறது என்று 350 ரூபாய் கொடுத்து யு வடிவத் தலையணை வாங்கினேன். எல்லோரையும்போலத் தடித்த பக்கத்தைப் பின்கழுத்தில் வைத்தேன். அது தலையை முன்னால் தள்ளி வலியைக் கூட்டிவிட்டது. தலை ஏறக்குறைய 5 கிலோ கனம், அது முன்னால் சாயச் சாயக் கழுத்துத் தசைக்குப் பாரம் ஏறிக்கொண்டே போகும். திருப்பிப் போட்டு, தடித்த பக்கம் முகவாய்க்குக் கீழே வருகிற மாதிரி வைத்த பிறகுதான் தூக்கத்தில் தலை தொங்குவது நின்றது. ஆக, தூங்குகிறவர்களுக்கு அது உபயோகம், விழித்திருந்து போனைக் குனிந்து பார்க்கிறவர்களுக்குப் பிரயோஜனமில்லை.

என் ஓட்டு ஈரிழைத் துண்டுக்குத்தான். நீளவாக்கில் மடித்து, முன்கை கனத்துக்கு இறுக்கச் சுருட்டி, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். பின்புறத்தை சீட்டின் மூலைவரை தள்ளி உட்கார்ந்து, பெல்ட்டுக்குச் சற்று மேலே குழிவாக இருக்கிற இடத்தில் சுருளைச் செருக வேண்டும். இடுப்பு நிமிர்ந்தால் தோள் தானாகப் பின்னால் போகிறது, தலையும் தோளுக்கு நேராக வந்து உட்காருகிறது. எனக்குக் கழுத்து வலி பாதிக்கு மேல் குறைந்தது இதனால்தான், கழுத்துக்கென்று வாங்கின தலையணையால் அல்ல. பின்பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், ஒரு பக்கம் உயர்ந்தே நாலு மணி நேரம் உட்காருவது இடுப்பைக் கோணலாக்கும்.

இடுப்பு பெல்ட்டை டாக்டர் சொன்னால் மட்டும் போடுங்கள்.

இறங்கியதும் பையைத் தூக்காதீர்கள். இரண்டு நிமிடம் நின்று, நாலடி நடந்து, அப்புறம் பையை உடம்போடு ஒட்டிப் பிடித்து எடுங்கள். வலி காலுக்குள் இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தப்பினாலோ, கால் பலம் இழந்தாலோ அது அவசரம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.