50 மில்லி ஆம்பியர் பொத்தானில் 3 ஆம்பியர்: கைவிளக்கு சுவிட்ச் மாற்றுவோருக்கு எச்சரிக்கை

கோலாலம்பூர் புடு வட்டாரத்தில் உள்ள ஒரு பழுதுபார்க்கும் கடை, கைவிளக்கின் பின்பக்க சுவிட்சை "விரல் வைத்திருக்கும்வரை மட்டும் எரியும்" வகைக்கு மாற்றித் தருவதாகச் சொல்லி 60 வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிறது. இரவுக் காவல் வேலையில் இருக்கும் நம் ஆட்கள் பலர் அங்கே போகிறார்கள். அங்கே மாற்றிய என் விளக்கு இடுப்பு உறைக்குள் எரிந்துகொண்டே இருந்து, உறையை உருக்கி, என் தொடையைச் சுட்டுவிட்டது. புகார் இப்போது பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. செய்த வேலை என்ன என்பதை முழுமையாக எழுதுகிறேன். எந்தக் கடையில் செய்தாலும் அந்த வேலை ஆபத்தானதுதான்.

செந்தூலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவல் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில் சத்தம் கேட்டால், ஒரு நொடி வெளிச்சம் அடித்து, பார்த்து, உடனே இருட்டாக்கிவிட்டு இடம் மாற வேண்டும். விளக்கைத் தொடர்ந்து எரியவிட்டால் நாம் நிற்கும் இடத்தை நாமே காட்டிக்கொடுத்துவிடுவோம். விளக்கு கை நழுவி விழுந்தாலும் அது அணைந்துவிட வேண்டும். பின்னோக்கி வரும் குப்பை லோரிக்குச் சைகை காட்டவும் இந்த வகை சுவிட்ச்தான் வசதி: வெளிச்சத்தை இரண்டு முறை வெட்டிக் காட்டினால் நில் என்று எங்களுக்குள் வழக்கம்.

கடைகளில் கிடைக்கும் சாதாரண விளக்குகளில் பெரும்பாலானவை ரிவர்ஸ் கிளிக்கி சுவிட்ச் கொண்டவை. முழுவதும் அழுத்தி, விரலை எடுத்த பிறகுதான் அவை எரியும். எரியும்போது பாதி அழுத்தினால் மின்சாரம் கணநேரம் அறுபட்டு, வெளிச்சத்தின் அளவு மாறும். ஃபார்வர்ட் கிளிக்கி இதற்கு எதிர். பாதி அழுத்தத்திலேயே எரியும், விட்டால் அணையும், முழுவதும் அழுத்தினால் எரிந்தபடி நிற்கும். எனக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை. அதைக் கடையில் தெளிவாகச் சொன்னேன். "செய்துவிடலாம், அண்ணே. நாளைக்கு வாருங்கள்" என்றார் கடைக்காரர். ரசீதில் எழுதியது "விளக்கு பழுது" என்பது மட்டும்.

திரும்பி வந்த விளக்கு, அழுத்தினால் எரிந்தது, விட்டால் அணைந்தது. ஆனால் வெளிச்சம் முன்பைவிட மங்கல். லோரிக்கு இரண்டு வெட்டு வெட்டினால் முதல் வெட்டு முழு ஒளி, இரண்டாவது அரை ஒளி, மூன்றாவது வெட்டு வெட்டினால் படபடவென்று துடிக்கும் ஒளி. லோரி ஓட்டுநர் எதைச் சைகை என்று எடுத்துக்கொள்வார்? இதற்குக் காரணம் விளக்கின் தலைக்குள் இருக்கும் டிரைவர் என்ற மின்சுற்றுத் தகடு. மின்சாரம் கணநேரம் அறுபட்டுத் திரும்பினால் அதை "அளவை மாற்று" என்ற கட்டளையாக அது எடுத்துக்கொள்ளும். ரிவர்ஸ் கிளிக்கிக்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். சுவிட்சை மட்டும் மாற்றினால் இந்தக் குழப்பம் வந்தே தீரும். டிரைவரையும் ஒரே ஒளி அளவு கொண்டதாக மாற்ற வேண்டும், அல்லது வேலையை ஏற்கும் முன்பே இதைச் சொல்ல வேண்டும். கேட்டபோது "எல்லா விளக்கும் அப்படித்தான், அண்ணே" என்று அனுப்பிவிட்டார்.

சில வாரங்கள் கழித்து ஒரு விடியற்காலை, வெளிச்சமான வாயிலில் நின்று லோரியை அனுப்பிவிட்டு, விளக்கை உறையில் தலைகீழாகச் செருகி மூடினேன். பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பிறகுதான் தொடையில் சூடு. உறையைத் திறந்தால் விளக்கு முழு ஒளியில் எரிகிறது, பொத்தானில் யாருடைய விரலும் இல்லை. அழுத்திப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், அணையவில்லை. பின்மூடியைத் துணியால் பிடித்துக் கழற்றிய பிறகுதான் அணைந்தது. நைலான் உறையின் அடிப்பகுதி உருகி ஓட்டையாகியிருந்தது. பத்து வாட்டுக்கு மேல் இழுக்கும் எல்இடி, கறுப்புத் துணியில் முகம் புதைந்து கிடந்தால் அதுதான் நடக்கும். அது ஒருவரின் பைக்குள் துணிமணிகளோடு கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

சுங்கைவே தொழிற்பேட்டையில் மின்னணு ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் என் மைத்துனர் பின்மூடியைப் பிரித்தார். உள்ளே கிளிக்கி சுவிட்ச்சே இல்லை. 6 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு சிறிய டேக்ட் சுவிட்ச். ரேடியோ, சுவர்க்கடிகாரம், தொலைக்காட்சி முகப்பு ஆகியவற்றில் இருக்குமே, அந்தப் பொத்தான். அதைப் பழைய தகட்டின் மேல் பற்றவைத்து, சுற்றிலும் சூட்டுப் பசையை ஊற்றி நிரப்பியிருந்தார்கள்.

"மச்சான், இது 12 வோல்ட்டில் 50 மில்லி ஆம்பியர் தாங்கும் பொத்தான். உங்கள் விளக்கு எவ்வளவு இழுக்கிறது, பார்க்கலாமா?" என்று மல்டிமீட்டரை எடுத்தார். பின்மூடி இல்லாமல், ஒரு முனையை மின்கலத்தின் எதிர்மின் முனையிலும் மறுமுனையை உடல் குழாயின் வெற்று உலோக விளிம்பிலும் வைத்தார். விளக்கு எரிந்தது. மீட்டர் 3 ஆம்பியர் காட்டியது. தாங்கும் அளவைப்போல் 60 மடங்கு.

பின்பக்க சுவிட்ச் உள்ள விளக்கில் எல்இடிக்குப் போகும் மின்சாரம் அத்தனையும் அந்த சுவிட்சின் வழியாகத்தான் போகிறது. டேக்ட் சுவிட்சின் தொடுமுனைகளில் 0.1 ஓம் தடை இருந்தாலே, 3 ஆம்பியரில் 0.3 வோல்ட் அங்கே இழக்கப்படுகிறது. கிட்டத்தட்ட ஒரு வாட் அந்தக் குன்றிமணி அளவு பிளாஸ்டிக்குக்குள் வெப்பமாகிறது. வெளிச்சம் மங்கியதற்கு மைத்துனர் சொன்ன காரணம் இதுதான். நாளடைவில் தொடுமுனை கருகும், கருகினால் தடை கூடும், தடை கூடினால் சூடும் கூடும். கடைசியில் இரண்டு முனைகளும் உருகி ஒட்டிக்கொண்டால் சுவிட்ச் நிரந்தரமாக மூடிய நிலையில் நின்றுவிடும். என் தொடையில் நடந்தது அந்தக் கடைசிக் கட்டம்.

கடைக்காரரிடம் பிரித்த பின்மூடியைக் காட்டினேன். "தொழிற்சாலையில் செய்து வரும் புதிய விளக்குகளிலேயே இதே பொத்தான்தான் இருக்கிறது, அண்ணே" என்றார். இந்தப் பதிலைக் கேட்டு நீங்கள் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக இதைக் கொஞ்சம் விரிக்கிறேன். பக்கவாட்டில் பொத்தான் உள்ள மின்னணு சுவிட்ச் விளக்குகளில் டேக்ட் சுவிட்ச் இருப்பது உண்மை. ஆனால் அங்கே அது டிரைவருக்குச் செய்தி சொல்லும் வேலையை மட்டும் செய்கிறது. அதில் ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம், எல்இடிக்கான மின்சாரம் வேறு பாதையில் போகிறது. தெருவைக் கூட்டும் விளக்குமாற்றால் லோரியைக் கட்டி இழுப்பதுபோன்ற வேலை இவர் செய்தது. அவர் அறியாமல் செய்தார் என்று நான் நம்பவில்லை. சில வெள்ளிக்கு ஃபார்வர்ட் கிளிக்கி சுவிட்ச் கிடைக்கிறது. அதற்கு ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். சில சென்னுக்குக் கிடைக்கும் பொத்தான் அவருடைய பெட்டியிலேயே இருந்தது. பசையை ஊற்றி மறைத்ததும் எனக்கு அதையே சொல்கிறது.

இன்னொன்று. சுவிட்சைப் பிடித்திருக்கும் திருகு வளையத்தில் இரண்டு சிறு துளைகள் உண்டு. அதற்கென்று உள்ள கூர்முனைக் குறடால் திருக வேண்டும். அவர்கள் திருப்புளியால் குத்தித் திருகி, மரையைச் சிதைத்திருந்தார்கள். நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையத்தையும் திரும்பப் போடவில்லை. கோலாலம்பூரின் மாலை மழையில் வேலை செய்பவனுக்கு இது எவ்வளவு பெரிய கேடு!

மின்கலமும் என்னுடையது இல்லை. வாங்கிய மாதத்தை மார்க்கரால் உறையில் எழுதி வைத்திருந்தேன். திரும்பி வந்ததில் எழுத்து இல்லை, மேலே 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சு. இந்த விளக்கில் போடும் 18650 என்ற அளவு லித்தியம் மின்கலங்களில் நல்லவைகூடப் பெரும்பாலும் 3600-ஐத் தாண்டுவதில்லை. எடை பொதுவாக 45 கிராமை ஒட்டி இருக்கும். தராசில் வைத்தோம், 31 கிராம்.

இந்த மாற்றத்தைச் செய்துகொள்ள நினைப்பவர்கள், விளக்கைக் கொடுக்கும் முன் எந்த சுவிட்சைப் போடப் போகிறார்கள் என்று கையில் வாங்கிப் பாருங்கள். அது எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேளுங்கள். "மில்லி" என்ற சொல் பதிலில் வந்தால் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். ஃபார்வர்ட் கிளிக்கியின் தண்டு ரிவர்ஸ் வகையைவிட உயரமாக இருக்கலாம், அப்போது ரப்பர் மூடியையும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லையென்றால் அது எப்போதும் பாதி அழுத்திய நிலையிலேயே நிற்கும். மின்கலத்தைக் கடையில் விட்டுவராதீர்கள். ரசீதில் "ஃபார்வர்ட் கிளிக்கி சுவிட்ச் பொருத்தியது" என்று எழுதச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் எழுத மறுக்கும் கடை அந்த வேலையைச் செய்யப்போவதில்லை.

ஏற்கெனவே மாற்றிக்கொண்டவர்கள் இன்றே பின்மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். பசை தெரிந்தாலோ, ஐந்து நிமிடம் எரித்த பின் பொத்தான் பக்கம் தலைப்பக்கத்தைவிடச் சூடாக இருந்தாலோ, அந்த விளக்கை மின்கலத்தோடு பையில் வைக்காதீர்கள். மின்கலத்தைத் தனியாக எடுத்து, முனைகள் உலோகத்தில் படாதபடி பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள்.

பணத்தைத் திருப்பித் தர அவர் மறுத்ததால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முதல் படிவம் கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே வைக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை, இணையம் வழியாகவும் பதியலாம். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, கூலி வாங்கிச் செய்யும் வேலை உரிய கவனத்தோடும் திறமையோடும் இருக்க வேண்டும். உருகிய உறை, பிரித்த பின்மூடி, ரசீது, மீட்டர் காட்டிய அளவின் படம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன். அதே கடையில் மாற்றியவர்கள் உங்கள் ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். கோரிக்கை எழுப்ப மூன்றாண்டு அவகாசம் உண்டு. பின்மூடியைப் பிரிப்பதற்கு முன்பும் பின்பும் படம் எடுத்துவிட்டு, பசையோடு அப்படியே கொண்டுபோங்கள்.