குட்டை மீனுக்குச் சத்துக் கலவை: எதற்குக் காசு கொடுக்கலாம்?

எடப்பாடிப் பக்கம் எங்கள் பண்ணைக்குட்டைகளில் கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்று கெண்டை இனங்களையும் சேர்த்து வளர்க்கிறோம். தீவனத்தோடு சேர்க்கும் தாது உப்புக் கலவை, வைட்டமின் பவுடர், 'ஒமேகா' என்று லேபிள் ஒட்டிய டப்பா எனக் கடையில் கிடைப்பவற்றைச் சில வருடங்களாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். விற்பவர்கள் எல்லாவற்றுக்கும் சொல்வது ஒன்றுதான்: மீனில் சத்து கூடும். எந்தச் சத்து என்று கேட்டால் பேச்சு எடைக்குத் தாவிவிடும்.

புரதத்துக்காக எதையும் வாங்க வேண்டாம். கெண்டைச் சதையில் நூற்றுக்கு 16 முதல் 19 பங்கு வரை புரதம். நல்ல தீனி கிடைத்தால் மீன் சீக்கிரம் பெரிதாகும். ஆனால் நூறு கிராம் துண்டில் உள்ள புரதம் ஏறக்குறைய அதேதான். தீனியால் மாறுவது கொழுப்பு. அளவும் மாறும், வகையும் மாறும்.

இதில் சேலத்துக்காரர்களுக்கு ஒரு சபலம் உண்டு. சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மரவள்ளிக் கிழங்கை அரைத்தபின் மிஞ்சும் சக்கையான திப்பி கைக்கெட்டும் தூரத்தில், மலிவாகக் கிடைக்கிறது. அதில் இருப்பதோ பெரும்பாலும் மாவுச்சத்து; புரதம் சொற்பம். தவிட்டோடு திப்பியையும் தாராளமாகப் போட்ட பருவத்தில் மீன் எடை காட்டியது. அறுத்தபோது குடலைச் சுற்றி வெள்ளையாகக் கொழுப்பு. "நான் மீன் கழுவுகிறேனா, நெய் உருக்குகிறேனா?" என்று அம்மா கேட்டார். எடைக்குக் காசு கொடுத்தவர் அந்தக் கொழுப்புக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருப்பார்.

கடலைப் பிண்ணாக்கும் தவிடும் மட்டுமே தின்னும் மீனில் ஒமேகா-6 என்ற கொழுப்பு வகை மிகும். மீனில் நாம் தேடுவதோ ஒமேகா-3 வகை. கடலை எண்ணெயில் ஒமேகா-3 அநேகமாகக் கிடையாது. ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கு மேல் ஒமேகா-3தான். கெண்டை இனம் அதில் ஒரு சிறு பங்கை, கடல் மீனில் நாம் தேடும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 வகைகளாக மாற்றிக்கொள்ளும். மீன் எண்ணெய் சேர்த்தால் அவை நேரடியாகவே சதையில் சேரும், விலைதான் இடிக்கிறது. எனவே குச்சித் தீவனத்தின் மேல் ஆளிவிதை எண்ணெய் தெளித்து, நிழலில் உலர்த்தி, பிடிப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் மட்டும் போடுகிறேன். சதைக் கொழுப்பு மாற வாரக்கணக்கில் ஆகும் என்பதால் கடைசி வாரத்தில் மட்டும் போட்டுப் பயனில்லை. ஒமேகா-3 எவ்வளவு ஏறியது என்று நாக்கு சொல்லாது. 'சுவையே மாறிவிட்டது' என்பவர்களை நான் நம்புவதில்லை.

ஒமேகா-3 சீக்கிரம் சிக்கு வாடை அடித்துக் கெடும் கொழுப்பு. அதனால் எண்ணெய் சேர்க்கிறவர் வைட்டமின்-ஈ உள்ள கலவையும் சேர்ப்பது நல்லது. அது சதையிலும் தங்கி, பிடித்த மீனின் கொழுப்பு கெடுவதைத் தள்ளிப்போடும். காசுக்குத் தகுந்தது என்று தயங்காமல் சொல்லக்கூடிய இன்னொன்று வைட்டமின்-சி. குறைந்தால் முதுகு வளைந்த மீன்கள் தலைகாட்டும். சாதாரண வைட்டமின்-சி தண்ணீரில் கரைந்து போய்விடும். பூச்சு கொடுத்த வகையாகக் கேட்டு வாங்க வேண்டும். தாது உப்பு வளர்ச்சிக்கு உதவுகிறது, அவ்வளவுதான். 'ஒமேகா' டப்பா? எந்த எண்ணெய், எவ்வளவு என்று லேபிளில் ஒரு வரிகூட இல்லை. மறுபடி வாங்கவில்லை.

இத்தனைக்கும் முன்னால், காசில்லாத சத்து ஒன்று குட்டையிலேயே விளைகிறது. சாணம் கரைத்துவிட்டால் தண்ணீர் பச்சை கட்டும். அந்த நுண்பாசியிலும் அதைத் தின்னும் நுண்ணுயிரிகளிலும் ஒமேகா-3 இருக்கிறது. மேல்தண்ணீரில் மேயும் கட்லாவுக்கு அதுதான் இயற்கைச் சாப்பாடு. மேட்டூர் அணையில் வளரும் கட்லாவுக்குப் பவுடர் போடுபவர் யார்? ஆனால் குஞ்சுகளை நெருக்கமாக விட்டால் இந்தப் பச்சை எல்லாவற்றுக்கும் போதாது. கைத்தீனியின் தரம் அப்போதுதான் பெரிய விஷயமாகிறது. அதற்காகப் பச்சை கறுத்துக் குழம்பும்வரை சாணம் கொட்டக் கூடாது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

சேலத்திலிருந்து வரும் வியாபாரி, ஆளிவிதை எண்ணெய் தின்ற மீனுக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தருவதில்லை. அவருக்குத் தேவை அளவும் பளபளப்பும். ஆகவே இப்போது எண்ணெய்ச் செலவு சின்னக் குட்டைக்கு மட்டும். அதிலுள்ள மீன் வீட்டுக்கும் கரைக்கே வந்து கேட்டு வாங்குகிறவர்களுக்கும். பெரிய குட்டைக்கு வைட்டமின்-சியும், பிடிக்கும் பருவத்தில் திப்பி இல்லாத தீனியும்.