அல்பராசினா, மொரெல்லாவா?

ஸ்பெயினில் மதில் சூழ்ந்த மலையூர் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று வலென்சியாவில் உட்கார்ந்து தேடியபோது இரண்டு பெயர்கள் மிஞ்சின: அரகோன் பகுதியில் அல்பராசின், காஸ்டெல்லோன் மாகாணத்தில் மொரெல்லா. கடைசியில் இரண்டுக்கும் போனோம். ஆனால் இரவு தங்கியது அல்பராசினில் மட்டும்தான். என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

இரண்டும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம், இரண்டிலும் மூச்சு வாங்கும். அது இருக்கட்டும்.

தூரத்துப் பார்வைக்கு மொரெல்லாதான். உச்சிப் பாறையில் கோட்டை, கீழே ஊரைச் சுற்றி சுமார் 2 கிலோமீட்டர் நீள மதில். ஸ்பெயின் அரியணைக்கு நடந்த சண்டையில் இளவரசர் கார்லோஸ் பக்கம் நின்ற கார்லிஸ்ட் படையினர், 1838இல் இருட்டில் ஏறிப் பிடித்த கோட்டை அது. கடைத்தெருவில் தூண் வைத்த தாழ்வாரம் இருப்பதால் மழைக்கும் ஒதுங்கலாம், முழங்கால் வலிக்காரர்களும் சமாளிக்கலாம். என் மாமியார் ஓட்டு இதற்கே. பாலாடைக்கட்டியும் பாதாமும் அடைத்த ஃப்ளாவோன் என்ற பலகாரம் பார்க்க நம் சோமாசியேதான்.

அல்பராசினுக்கு நாங்கள் போனபோது பக்கத்து நகரமான தெருவேலிலிருந்து நாளுக்கு ஒரே பேருந்து. மதியத்துக்கு மேல் கிளம்பும். திரும்ப மறுநாள் காலைதான். இதென்ன வம்பு என்று சலித்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பேருந்துதான் எங்களைத் தங்க வைத்தது. சாயங்காலம் சுற்றுலா வண்டிகள் போனதும், ஆயிரம் பேர்கூடத் தேறாத அந்த ஊர் அடங்கிவிட்டது. கீழே குவாதலவியார் ஆறு ஊரை வளைத்து ஓடும் சத்தம் சந்துவரை கேட்டது. சுவர்களெல்லாம் உள்ளூர் ஜிப்சம் பூச்சு, செம்மண் நிறம். மேல்மாடிகள் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் எதிரெதிர்க் கூரைகள் ஒன்றையொன்று தொடப் பார்க்கின்றன. இந்த நிறம் உச்சி வெயிலில் வெளிறிப்போகிறது. பொழுது சாயும்போதுதான் எரிகிறது. பகலில் வந்து திரும்புகிறவர்களுக்கு இது கிடைக்காது. மதிலோரமாக 10ஆம் நூற்றாண்டின் அந்தாதோர் கோபுரம்வரை ஏறினோம். ஊருக்குப் பெயர் தந்த பனூ ரசீன் என்ற பெர்பர் (வட ஆப்பிரிக்க இனம்) குடும்பத்தார் ஆண்ட காலத்து எல்லை அங்கிருந்து நன்றாகப் புரிந்தது. ஏற்றம் செங்குத்து, மாமியார் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மொரெல்லாவை நண்பர் காரில் அரை நாள்தான் பார்த்தேன், அதுவும் மூடுபனியில். அங்கே ஒரு இரவு தங்கியிருந்தால் பேச்சு மாறியிருக்குமோ என்னவோ. கார் இருந்து, ஒரு பகல்தான் கையில் என்றால் மொரெல்லாவுக்கே போங்கள். ஓர் இரவு ஒதுக்க முடியும் என்றால் அல்பராசின். கோடையானாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் பேருந்து நேரத்தை முன்பே கேட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி இல்லாமல் நாங்கள் மாட்டிக்கொள்ளப் பார்த்தோம்.