முட்டி ஆபரேஷனுக்கு முந்தின வகுப்பு: 600 ரூபாய்க்குத் தகும், நாற்காலியைத் தவிர

அண்ணா நகர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன். மார்ச்சில் வலது முட்டி மாற்று ஆபரேஷன். அதற்குப் பத்து நாள் முன்னால், வலியைச் சமாளிப்பது பற்றி ஒரு வகுப்பாம், தனியாக 600 ரூபாய் பில். 29சி பஸ்ஸில் டிக்கெட் கிழித்த ஆள் நான், சில்லறைக்குச் சண்டை போடுவது பழக்கம். கவுன்டரில் போட்டேன், தோற்றேன், போனேன்.

கூட வேலை பார்த்த, இதே ஆபரேஷன் செய்துகொண்ட பெரம்பூர் நண்பர் ஏற்கெனவே, "மூணு மாசம் தூங்கலப்பா, செத்துடலாம்னு இருந்துச்சு" என்று சொல்லி வைத்திருந்தார். அதையே நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலியில். முட்டி போனவர்களுக்கு அதைப் போட்ட புண்ணியவான் யாரோ! எழுந்திருக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

முதலில் ஒரு தாள் கொடுத்தார்கள். 13 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க். 'இந்த வலி தீரவே தீராது என்று தோன்றுகிறதா?' என்கிற ரகம். 52-க்கு 37 வாங்கினேன். பள்ளிக்கூடத்தில்கூட இப்படி வாங்கியதில்லை. பிசியோதெரபி பெண் சிரிக்கவில்லை. வலியை நினைத்து எவ்வளவு பயப்படுகிறோம் என்று பார்க்க, 1995-ல் கனடாவில் சல்லிவன் என்பவர் குழு தயாரித்த தாளாம். இதில் நிறைய மார்க் வாங்குகிறவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வலியும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்களாம்.

"அப்போ என் வலி கற்பனையாம்மா?"

"இல்ல சார், வலி நிஜம்தான். பயந்து போயிருந்தா அதே வலி பெருசா தெரியும்."

பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார். முதுகு ஊசியின் மரப்பு இறங்கும்போது வலி ஏறும். ஏறி முடியும்வரை காத்திருக்காமல் மருந்து கேளுங்கள். மடக்கும்போது வலித்தால் தையல் பிரிகிறது என்று அர்த்தமில்லை. மூச்சை இழுத்துவிட்டுத் தொடையைத் தளர்த்துவதை அங்கேயே நாலு தடவை செய்ய வைத்தார். 1964-லேயே பாஸ்டனில் வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 97 பேரில் ஒரு பகுதியினருக்கு இப்படி முன்கூட்டியே சொல்லிக் கொடுத்ததில், அவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாம்.

ஆபரேஷன் அன்று சாயந்திரம் வலி வந்தது. நன்றாகவே வந்தது. ஆனால் 'அந்தம்மா சொன்னது இதுதான்' என்று மணியைப் பார்த்துக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரர் வகுப்புக்கு வராதவர். வார்டில் யாரோ அவரிடம் "வலியே தெரியாது சார்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வலி வந்ததும் மனுஷர், "ஏதோ தப்பாயிடுச்சு, டாக்டரக் கூப்பிடு" என்று ராத்திரி பூரா அரற்றினார். அவர் உடம்பு வேறு, என் உடம்பு வேறு, ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் அந்தப் பொய் சமாதானம் சொன்னவர் மேல் எனக்கு இன்னும் கோபம்.

இன்னொரு குறை: கூட வந்தவர்களை உள்ளே விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் முட்டியை மடக்க, என் சம்சாரம் "ஐயோ, தையல் பிரிஞ்சிடும்" என்று காலைப் பிடித்துக்கொண்டாள். பார்க்க வந்தவர்கள் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு ஆளுக்கொரு பயங்கரக் கதையும் கொண்டு வந்தார்கள்.

ஐந்துக்கு நாலு. இடது முட்டிக்குத் தீபாவளி கழித்துத் தேதி. மறுபடியும் 600 கேட்கிறார்கள். அவளையும் உள்ளே விடுவதானால் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.